சதுப்பேரியில் பிடித்த கொசு

வேலூர்க்காரர் யாராவது உலக வைரஸ் பட்டியலைப் புரட்டினால் சற்றுத் திடுக்கிடுவார். வேலூர் வைரஸ் என்று ஒன்று அதில் இருக்கிறது. கஸ்பா வைரஸ் இருக்கிறது, சதுப்பேரி வைரஸ் இருக்கிறது. கண்ணமங்கலம், கம்மவான்பேட்டை, அரக்கோணம் என்று பேருந்துப் பலகைகளில் பார்த்துப் பழகிய ஊர்களும் வரிசையில் நிற்கின்றன. ஊர்களுக்கு இதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஒரு வைரஸ் எங்கே முதலில் அகப்பட்டதோ அந்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்துவிடுவது அன்றைய வழக்கம். உகாண்டாவில் ஸிகா என்ற சிறு காடு உலகறிந்த பெயரானது அப்படித்தான்.

வேலூர்ப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு நோய் உண்டு. 1952இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய வைராலஜி நிறுவனம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1955இல், வேலூர் வட்டாரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருப்பது தெரியவந்தது. அதற்குமுன் இந்தியாவில் அந்த நோயை யாரும் அடையாளம் கண்டதில்லை. எந்தக் கொசு அதைப் பரப்புகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஊர் ஊராகக் கொசு பிடித்தார்கள். கியூலெக்ஸ் விஷ்ணுயி என்னும் இனக்கூட்டம்தான் முக்கியக் குற்றவாளி: நெல்வயலின் தேங்கிய நீரில் பெருகி, பொழுது சாய்ந்ததும் மாட்டுத் தொழுவத்தை மொய்ப்பது.

பிடித்த கொசுக்களை இனம் பிரித்து, கூட்டாக அரைத்து, வடிகட்டிய நீரைப் பிறந்து ஓரிரு நாளேயான சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் ஊசியால் செலுத்துவார்கள். குட்டி சுருண்டு விழுந்தால் கொசுவில் ஏதோ இருந்திருக்கிறது என்று பொருள். செத்த குட்டியின் மூளையை அரைத்து அடுத்த குட்டிக்கு. இப்படிக் கைமாற்றி வளர்த்த வைரஸை, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களுக்கு எதிரான ஊநீருடன் சேர்த்துப் பார்ப்பார்கள். எதனோடும் ஒட்டாவிட்டால் அது புதியது, புதுப் பெயருக்கு உரியது. மூளைக்காய்ச்சலைத் தேடிப் போனவர்களின் வலையில் 1957இல் சதுப்பேரி வைரஸ் விழுந்தது அப்படித்தான். அதனால் மனிதருக்கு நோய் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை என்பதால் உறைகுப்பியில் அடைத்து, பட்டியலில் ஒரு வரி எழுதி வைத்தார்கள்.

இந்த முறையைக் கொடூரம் என்று இன்று சொல்வது எளிது. ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் உலகம் கண்டறிந்த கொசு வைரஸ்களில் பெரும்பாலானவை இந்த எலிக்குட்டிகளின் வழியேதான் வந்தன. அதன் உண்மையான குறை வேறு. அது ஒரு சல்லடை. எலிக்குட்டியின் மூளையில் வளரத் தெரிந்த வைரஸ் மட்டுமே அதில் தங்கும். கொசுவுக்குள் பிறந்து, கொசுவுக்குள் வாழ்ந்து, பாலூட்டியின் பக்கமே எட்டிப் பார்க்காத வைரஸ்கள் லட்சம் இருந்தாலும் சல்லடையின் கண் வழியே ஒழுகிப் போய்விடும்.

இனி ஜெர்மனி. 2011 கோடையின் இறுதியில் நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்துப் பண்ணைகளில் கறவை மாடுகளுக்குக் காய்ச்சலும் கழிச்சலும் கண்டன, பால் சட்டென்று குறைந்தது. வழக்கமான கால்நடை நோய்களுக்கான சோதனைகள் அனைத்திலும் ஒன்றுமில்லை என்றே முடிவு வந்தது. ஷ்மாலன்பெர்க் என்ற ஊரை ஒட்டிய பண்ணையிலிருந்து எடுத்த மாட்டு ரத்தம் ஃபிரீட்ரிக் லோஃப்லர் நிறுவனத்துக்குப் போனது. அங்கே எந்த வைரஸ் என்று ஊகித்துச் சோதிக்கவில்லை. ரத்தத்தில் கிடந்த மரபணுத் துணுக்குகள் அத்தனையையும் பாகுபாடின்றிப் படித்தார்கள். சுமார் 27,000 துணுக்குகள் தேறின. கிட்டத்தட்ட எல்லாமே மாட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் உரியவை. ஏழே ஏழு துணுக்குகள் மட்டும் வேறு சாதி. தரவு வங்கியில் ஒப்பிட்டபோது அவை ஆர்த்தோபுன்யா என்னும் வைரஸ் பேரினத்தைச் சுட்டின.

அந்த ஏழை வைத்துக்கொண்டு மீதியை மீட்டார்கள். 2011 நவம்பரில் புதிய வைரஸ் அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்சு, பிரிட்டன் என்று பல நாடுகளில் மூட்டுகள் முடங்கிய, மூளை வளராத ஆட்டுக்குட்டிகளும் கன்றுகளும் பிறக்கத் தொடங்கின. சினையாக இருக்கும்போது தாய்க்கு இந்த வைரஸ் தொற்றியதன் விளைவு. பரப்பியது கொசுவைவிடச் சிறியதான குலிகாய்டிஸ் என்னும் கடிபூச்சி. மனிதருக்கு அது தொற்றவில்லை.

2012இல் இந்த வைரஸின் குலமுறையை ஆராய்ந்த ஜெர்மானியர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முழு மரபணுவையும் ஊநீர்ச் சோதனைகளையும் வைத்துப் பார்த்தால் ஷ்மாலன்பெர்க் வைரஸ், ‘சதுப்பேரி’ இனத்தில் அடங்கும். ஐரோப்பியப் பண்ணைகளைக் கலங்கடித்த ஒன்றின் நெருங்கிய பங்காளி, அதற்கு 54 ஆண்டுகளுக்கு முன் வேலூரில் ஒரு வயற்கொசுவில் பிடிபட்டு, உபயோகமற்றது என்று மூலையில் கிடந்திருக்கிறது. கஸ்பாவின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. 1985இல் ஜப்பானின் கியூஷூ தீவில் மூளை உருவாகாத கன்றுகள் பிறந்தன. காரணமான வைரஸுக்கு சூசான் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பின்னர் பார்த்தால் அது வேலூரில் 1957இல் எடுத்த கஸ்பாவேதான்.

மரபணு வரிசையைப் படிக்கும் கருவி வந்துவிட்டதால் இனிக் களப்பணி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த ஏழு துணுக்குகளை நினைத்துப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க முன்பே பிடித்து, பெயரிட்டு, படித்து வைத்த உறவினர்கள் வங்கியில் இருந்ததால்தான் அவை வாய் திறந்தன. இல்லையென்றால் அவையும் பொருள் புரியாத எழுத்துக் குப்பையோடு போயிருக்கும்.

கொசுவில் இந்த வேலை மாட்டு ரத்தத்தைவிடச் சிக்கலானது. கொசுவால் பரவும் வைரஸ்களில் பெரும்பாலானவற்றின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அது நிலையற்றது. கொசு செத்துச் சூட்டில் கிடந்தால் சிதையத் தொடங்கிவிடும். அதனால் பொறியில் விழுந்த கொசுவை உயிரோடோ உறைந்த நிலையிலோ ஆராய்ச்சிக்கூடம் சேர்க்க வேண்டும். இனம் பிரிக்கும்போதுகூடக் குளிர்ந்த தட்டின் மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அரைத்து எடுத்த ஆர்.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி கொசுவின் சொந்த ரிபோசோமுடையது. அதை முதலில் களையெடுக்காவிட்டால் கருவி கொசுவையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். மிஞ்சியதை டி.என்.ஏ.வாக மாற்றி, இரண்டு மூன்று நூறு எழுத்துத் துணுக்குகளாக்கிப் படிப்பார்கள். ஒரு டெங்கு வைரஸின் முழு வாசகம் ஏறக்குறைய 10,700 எழுத்துகள். கிழிந்து கலந்த பல புத்தகங்களின் தாள்களிலிருந்து ஒரு புத்தகத்தை ஒட்டிச் சேர்ப்பது போன்ற பணி அது. கணினிதான் செய்கிறது.

புத்தகம் புதிது என்றால் எப்படி அடையாளம் காண்பது? ஆர்.என்.ஏ. வைரஸ்கள் ஏறக்குறைய அனைத்தும் தங்களைப் படியெடுக்க ஒரு நொதியைச் சுமந்து திரிகின்றன. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் இந்த நொதி கொசுவிடமோ மனிதரிடமோ இருக்கும் கருவிகளைப் போன்றதல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மற்ற உறுப்புகள் அடையாளம் தெரியாமல் மாறிப்போனாலும் இந்த நொதியின் மையப் பகுதி ஓரளவு மாறாமல் நிற்கிறது. ஒரு கூட்டத்தில் மூக்கை வைத்தே ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிப்பது போல, வைரஸ் வேட்டைக்காரர்கள் இதை வைத்துத்தான் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் சான் டியாகோ பகுதியில் மூன்றே கொசுத் தொகுப்புகளை எடுத்துப் படித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதில் விலங்கு வைரஸ்கள், செடி வைரஸ்கள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் எல்லாம் கலந்து கிடந்தன. செடி வைரஸ் எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டாம். பெண் கொசுவும் பூந்தேன் குடிக்கும், ரத்தம் முட்டைக்காக மட்டுமே. புதிய வைரஸ்களின் வெள்ளம் வந்தது சீனாவிலிருந்து. ஷாங் யோங்ஷென் குழுவினர் 2015இல் 70 வகைக் கணுக்காலிகளைப் படித்து 112 புதிய வைரஸ்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். 2016இல் அதே குழு, 220க்கு மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரினங்களிலிருந்து 1,445 ஆர்.என்.ஏ. வைரஸ்களைப் பட்டியலிட்டது. ‘வூஹான் கொசு வைரஸ்’ என்ற பெயர் வரிசை அந்தக் காலத்தில் பிறந்தது. கொரோனாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் முதல் மரபணு வரிசையை உலகுக்கு வெளியிட்டவர் இதே ஷாங் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

எலிக்குட்டியின் சல்லடை போனதும், இதுவரை ஒழுகிப்போன கூட்டம் முழுவதும் கண்ணில் பட்டது. அதில் பெரும்பகுதி மனிதரையோ மாட்டையோ தொடவே தொடாத, கொசுவுக்கே உரிய வைரஸ்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, அதில் புனேக்கு ஒரு பங்கும் உண்டு. வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங் என்ற ஆய்வாளர் 1967இல் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழுக்களிலிருந்து செல்களை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் தலைமுறை தலைமுறையாக வளரச் செய்தார். உலகெங்கும் கேட்டு வாங்கிப் போனார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த C6/36 என்னும் செல்வழிதான் இன்றும் டெங்கு வைரஸை வளர்க்கும் பாத்திரம். 1975இல் ஸ்டோலர், தாமஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வேறொரு கொசுவான ஏடிஸ் ஈஜிப்டியின் செல்கள் வளர்ந்த நீரை இந்த அல்போபிக்டஸ் செல்களின் மேல் ஊற்றியபோது, செல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. நீரில் ஒரு வைரஸ் இருந்தது. பாலூட்டிகளின் செல்லில் அது வளர மறுத்தது. மரபணுவைப் படித்தபோது டெங்கு, மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இது ஆய்வுக்கூடத்துக் குடுவையில் மட்டும் வாழும் விந்தை என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2006இல் போர்ட்டோ ரிக்கோவின் கொசுக்களில் அதைக் கண்டபோதுதான் வெளியுலகிலும் அது உலவுவது உறுதியானது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் அதில் விழுந்திருக்கிறார்கள். ஏடிஸ் கொசுவின் சொந்த மரபணுவிலேயே பழைய வைரஸ்களின் துண்டுகள் புதைந்து கிடக்கின்றன. எப்போதோ தொற்றிய வைரஸின் ஒரு பகுதி குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு பரம்பரைச் சொத்தாகிவிட்டது. வரிசையாக்கக் கருவி அதையும் படிக்கும், ‘வைரஸ்’ என்று கூவும். உயிருள்ள வைரஸ் அங்கே இல்லை. புதைந்த துண்டு வெறும் குப்பையும் இல்லை. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மரியா-கார்லா சாலே குழுவினர் 2020இல் காட்டியபடி, அப்படி ஒரு துண்டு ஏடிஸ் ஈஜிப்டியின் சூலகத்தில் அதே வகை வைரஸ் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிறது. பழைய பகைவனின் சட்டைத் துணியைக் காவலுக்கு வைத்திருப்பது போல.

உயிருள்ள தொற்றையும் புதைந்த துண்டையும் பிரித்தறியக் கொசுவே ஒரு வழி காட்டுகிறது. வைரஸ் பெருகத் தொடங்கினால் கொசுவின் செல் அதன் ஆர்.என்.ஏ.வைச் சரியாக 21 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டும். அது கொசுவின் நோயெதிர்ப்பு. ஆகவே 21 எழுத்துத் துண்டுகள் குவிந்து கிடந்தால் அங்கே சண்டை நடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். 2010 முதல் இந்தத் துண்டுகளையே ஒட்டிச் சேர்த்துப் புது வைரஸ்களைக் கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது. சிங்கின் செல்வழியிலிருந்து வந்த C6/36இல் இந்த வெட்டும் கருவி பழுதாகி இருக்கிறது. எந்த வைரஸும் அதில் செழித்து வளர்வதன் ரகசியம் அதுவே.

இன்னொரு மாற்றம் அளவைப் பற்றியது. ஐம்பது கொசுவைச் சேர்த்து அரைத்தால் ஐம்பதின் கதையும் குழம்பிவிடும். எந்த வைரஸ் எந்தக் கொசுவில் இருந்தது, இரண்டு வைரஸ்கள் ஒரே கொசுவில் இருந்தனவா என்பது தெரியாது. கலிபோர்னியாவில் 148 கொசுக்களை ஒவ்வொன்றாகத் தனியே படித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரே சோதனையில் கொசுவின் இனம், அதன் வயிற்றில் இருந்த ரத்தம் எந்த விலங்குடையது, உள்ளே எந்த நுண்ணுயிர்கள், எந்த வைரஸ்கள் என்று நான்கு கேள்விகளுக்கும் விடை வந்தது. அந்த ஆய்வின் அழகான கண்டுபிடிப்பு வேறு. இன்ஃபுளூயன்சாவின் தூரத்து உறவான ‘வூஹான் கொசு வைரஸ் 6’ இன் மரபணு பல துண்டுகளாக இருப்பது. ஆறு துண்டுகள் தெரிந்திருந்தன. அந்த ஆறும் இருந்த கொசுக்களில் மட்டும், எதனோடும் ஒட்டாத இரண்டு அநாதைத் துண்டுகளும் தவறாமல் உடனிருந்தன. அவையும் அதே வைரஸின் பாகங்கள்தாம். தரவு வங்கியில் உறவு இல்லாத எழுத்துகளுக்கு, ஒன்றாகவே திரிகின்றன என்ற ஒரே சாட்சியை வைத்து வீடு கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். சீனாவில் 81 இனங்களைச் சேர்ந்த 2,438 கொசுக்களைத் தனித்தனியே படித்து, கொசுவோடு தொடர்புடைய 393 வைரஸ் இனங்களை 2024இல் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

பட்டியல் நீள்வது சரி, இவற்றால் ஆவதென்ன? மனிதரைத் தொடாத வைரஸைப் பற்றி யார் கவலைப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கு வந்த விடைகளில் மிகக் கனமானது 2023இல் வெளியானது. பிரேசிலைச் சேர்ந்த ஜுவாவ் மார்க்கெஸ் குழுவினர் 12 நாடுகளின் நகரங்களில் பிடித்த 815 ஏடிஸ் கொசுக்களைப் படித்தார்கள். ஏடிஸ் ஈஜிப்டியில் உலகம் முழுக்க இரண்டு கொசு வைரஸ்கள் மலிந்து கிடந்தன. ஒன்றன் பெயர் பாங்காக்கின் பாசி சரோன் பகுதியோடு சேர்ந்தது, மற்றது ஹுமைட்டா துபியகங்கா. டெங்கு மலிந்த ஒரு நகரில் தொடர்ந்து பார்த்தபோது, இந்த இரண்டையும் சுமந்த கொசுவில் டெங்கு வைரஸ் இருக்கும் வாய்ப்பு மும்மடங்காக இருந்தது. ஆய்வுக்கூடத்து எலிகளில் சோதித்தபோதும் அத்தகைய கொசுக்கள் டெங்குவையும் ஸிகாவையும் கூடுதலாகப் பரப்பின. நம்மைத் தொடாத வைரஸ், நம்மைத் தொடும் வைரஸுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. ஒரு தெருவில் டெங்கு ஏன் பரவுகிறது, அடுத்த தெருவில் ஏன் பரவவில்லை என்பதற்கு மழையையும் தொட்டியையும் மட்டும் பார்த்தால் போதாது என்று ஆகிறது.

எதிர்த் திசையிலும் வேலை நடக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1980களில் ஒரு அனோபிலிஸ் கொசுவிலிருந்து எடுத்த மாதிரி நெடுங்காலம் உறைபெட்டியில் கிடந்தது. அதில் இருந்தது சிக்குன்குனியாவின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் பாலூட்டி செல்லில் பெருகவே முடியாத வைரஸ் என்று 2012இல் அறிவித்தார்கள். ஈலாட் வைரஸ் என்று பெயர். அதன் உடலில் சிக்குன்குனியாவின் மேலுறைப் புரதங்களைப் பொருத்திய தடுப்பூசி, எலிகளையும் குரங்குகளையும் காத்ததாக 2017இல் முடிவு வந்தது. உடலுக்குள் பெருகத் தெரியாத ஒன்றுக்கு எதிரியின் முகமூடி மாட்டி அனுப்பும் தந்திரம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் பின்ஜாரி என்ற கொசு வைரஸை வைத்து டெங்கு, ஸிகா குடும்பத்துக்கு இதே வழியில் முயல்கிறார்கள்.

தெரிந்த வைரஸிலேயே ஓர் எழுத்து மாறுவதைக் கவனிப்பதும் இந்தத் தொழிலின் பகுதிதான், சொல்லப்போனால் உடனடிப் பயன் அதிலேயே கூடுதல். 2005-06இல் ரீயூனியன் தீவில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைச் சிக்குன்குனியா படுக்க வைத்தது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்ததை மரபணு வரிசை காட்டியது. அந்த ஒரு மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் வைரஸ் பல மடங்கு எளிதாகக் குடியேறியது. 2006இல் இந்தியாவில் பரவிய வைரஸில் அந்த மாற்றம் இல்லை. 2007இல் கேரளத்தில் பரவியதில் இருந்தது. கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கக் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கி அல்போபிக்டஸ் பெருகுவது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். நகரத்துத் தண்ணீர்த் தொட்டியை மூடச் சொல்லும் பிரசாரம் அந்தத் தோட்டத்தில் எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கொசுவையே வேவுக்காரனாக்கும் யோசனைகளும் உண்டு. லைபீரியாவில் வீடுகளுக்குள் ரத்தம் குடித்து ஓய்ந்திருந்த கொசுக்களைப் பிடித்து, வயிற்று ரத்தத்தைப் படித்தார்கள். கொசுவுக்குச் சம்பந்தமே இல்லாத, மனிதரிடம் மட்டும் வாழும் எப்ஸ்டீன்-பார் வைரஸின் வரிசை அதில் கிடைத்தது. ஊசி குத்தாமல் ஊரின் ரத்தப் பரிசோதனை. ஆஸ்திரேலியர்கள் கொசுவை அரைப்பதையே தவிர்த்தார்கள். வேதிப்பொருள் ஊட்டிய அட்டையில் தேனைத் தடவிப் பொறிக்குள் வைத்தால், தேனுறிஞ்ச வரும் கொசு உமிழ்நீரையும் அதில் விட்டுச் செல்கிறது. அட்டையில் விழுந்ததும் வைரஸ் செயலிழந்துவிடும், ஆர்.என்.ஏ. மட்டும் கெடாமல் நிற்கும். உறைபெட்டி இல்லாத தொலைதூரத்திலிருந்து சாதாரணத் தபாலில் அனுப்பிவிடலாம். கொசுவின் உடம்பில் இருப்பது எல்லாமே கடிக்கும்போது வெளிவருவதில்லை. உமிழ்நீரில் இருப்பதே அடுத்தவர் உடலில் ஏறும். அந்த வகையில் அரைத்த கொசு சொல்லாததை இந்த அட்டை சொல்கிறது.

ஷ்மாலன்பெர்க்கின் குலமுறையைத் தேடிய ஜெர்மானியர்கள், உறவுக்கார வைரஸ்களின் மூன்று மரபணுத் துண்டுகளையும் முழுமையாகப் படிக்க வேண்டியிருந்தது. அதற்கு எழுத்துகள் போதவில்லை, வைரஸே வேண்டியிருந்தது. ஊநீர்ச் சோதனைக்கு அது செல்லில் வளர்ந்தும் காட்ட வேண்டும். ஐம்பதுகளில் ஊர் ஊராகக் கொசு பிடித்தவர்கள் உபயோகமில்லை என்று தூக்கி எறிந்திருந்தால் அந்த ஒப்பீடு நடந்திருக்காது. எலிக்குட்டியிலிருந்து எலிக்குட்டிக்கும், உறைகுப்பியிலிருந்து உறைகுப்பிக்கும், கண்டம் விட்டுக் கண்டத்துக்கும் கைமாறி, சதுப்பேரி வைரஸ் 2012இல் உயிரோடு இருந்தது.